மெய்ப்பு பார்ப்பவள்

நூற்றுப் பதினேழாவது பிரேம். தொப்பி உச்சியில் ஒரு புள்ளி, சட்டைக் காலரில் ஒரு புள்ளி, இடுப்பு பெல்ட்டில் ஒரு புள்ளி, சேணத்தின் நடுவில் ஒரு புள்ளி, அடுத்தது என்று ஒரு தட்டு. நூற்றுப் பதினெட்டு. மறுபடியும் தொப்பி. எட்டே எட்டு விநாடி வீடியோ, அதற்குள் இருநூற்று நாற்பது படம் அடைந்துகிடக்கிறது. இத்தனை வருஷம் வீடியோ என்றால் ஓடுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அது ஓடவே இல்லை, நின்று நின்றுதான் போகிறது, நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் என் வீட்டுக்காரர் கிருபாகரன் குதிரைமேல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து எடுத்தால்தான் சாய்வு தெரியும் என்று அவரே சொல்லிக்கொடுத்து, குதிரைப் பள்ளியின் மண்தரையில் நின்று நான் போனில் எடுத்தது. காலர் புள்ளியையும் இடுப்புப் புள்ளியையும் சேர்த்து மென்பொருள் ஒரு மஞ்சள் கோடு போடும், அந்தக் கோடு நேரே நிற்காமல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ஓரத்தில் எண் காட்டும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து சராசரியாக ஒரே ஒரு எண் தரும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் சனிக்கிழமை சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் என்றால் முதல் பிரேமில் புள்ளி வைத்தால் போதுமாம், மிச்சத்துக்கெல்லாம் அதுவே பின்னால் போய் வைத்துக்கொள்ளுமாம். இது இலவசம். குதிரைக்காரர்களுக்காக எங்கோ யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் விட்டிருக்கிறார், மகள் தர்ஷினி ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு தேடிப்பிடித்து என் லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்தாள். சூப்பரா இருக்கும்மா, ஃப்ரீம்மா என்றாள். ஃப்ரீ என்றால் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து புள்ளி வைக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த ஒருத்தர் நான், இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

நூற்றிருபத்திரண்டு. மணிக்கட்டு வலிக்கிறது. உள்ளறையில் அவர் தூங்குகிற சத்தம் கேட்கிறது, இடப்பக்கக் கன்னம் தளர்ந்துபோனதிலிருந்து மூச்சு விடும்போது உதடு படபடக்கும், முதல் மாதம் அந்தச் சத்தம் நின்றால் எழுந்து ஓடினேன், இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உட்கார முடிகிறது. நாலு மணிக்கு எழுந்திருப்பார். டீ கேட்பதற்கு முன்னால் எண் கேட்பார். இன்றைய எண்ணை நான் ரத்தினசபாபதி அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், தடாகம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற குதிரைப் பள்ளி அவருடையது, இருபத்தாறு வருஷம் இவர் அங்கேதான் பயிற்சியாளராக இருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. திரும்பவும் குதிரை ஏறுகிற அளவுக்கு வந்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார், இவர் அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் குழந்தைகளின் அப்பா அம்மாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. வயதான பெட்டைக் குதிரை கஸ்தூரிமேல் ஆறு வாரம் ஓட்டட்டும், வாராவாரம் வீடியோ கணக்கை அனுப்பட்டும், சாய்வு இரண்டு டிகிரிக்குள் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோர் முன்னாலும் சாம்ராட்மேல் ஏறிக் காட்டட்டும், திங்கட்கிழமையிலிருந்து பழைய வகுப்பு பழையபடி என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பது நாளைக்கு. சாம்ராட் ஐந்து வயதுக் குதிரை, முதுகில் எடை ஒரு பக்கம் கூடினால் அது மறுபக்கம் பாயும், நான் பார்த்திருக்கிறேன், நல்ல தேகம் உள்ள இளந்தாரி ஒருத்தனை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. நாளைக் காலை ஏழு மணி. நூற்றிருபத்து மூன்று. தொப்பி, காலர், இடுப்பு, சேணம்.

காலர். காலரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதல் வாரம் ஏழு டிகிரி வந்தது. ஏழு என்று சொன்னேன், அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அன்று இரவு சாப்பிடவில்லை, மறுநாளும் பிசியோதெரப்பிக்கு வரமாட்டேன் என்றார். நேராக உட்கார் என்று இருபத்தாறு வருஷம் கத்திய வாய். எத்தனை பிள்ளைகளை அழ வைத்திருக்கிறது. இரண்டாவது வாரம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் காய்காரர் கூப்பிட்டார், திரும்பினேன், விரல் தவறிக் காலர் புள்ளி ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி விழுந்தது. எண் குறைந்தது. தவறு என்று தெரியும், திருத்த வேண்டும் என்று தெரியும், அந்த நேரம் பார்த்து அவர் பின்னால் வந்து நின்றார். அட, அஞ்சுக்கு வந்திருக்கே என்றார். அந்த ஒரு பிரேமில்தான் ஐந்து. ஆனால் அந்தக் குரலை நான் ஆறு மாதமாகக் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு மிச்சம் இருந்த பிரேம்களில் எல்லாம் காலரை ஒரு நூல் தள்ளியே வைத்தேன். விரல் தவறியது ஒரு தடவை, மற்றதெல்லாம் நான் வைத்தது. மூன்றாவது வாரம் இன்னும் ஒரு நூல். சாப்பிட ஆரம்பித்தார், ஷேவ் செய்துகொண்டார், தர்ஷினிக்கு அவரே போன் போட்டுப் பேசினார், அப்பா குரலே மாறிப்போச்சும்மா என்று அவள் அழுதாள். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது. நான்காவது வாரம், ஐந்தாவது வாரம். உண்மையான எண் என்ன என்று தெரிந்துகொண்டு மாற்றினாலாவது கணக்கு கையில் இருந்திருக்கும். நான் நேரே தள்ளிய இடத்திலேயே வைத்துப் பழகிவிட்டேன். இப்போது என் புருஷன் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நூற்று முப்பது. இதில் கேவலம் என்னவென்றால் என் தொழிலே இதுதான். பதினெட்டு வருஷமாக அச்சகத்துக்கு மெய்ப்பு பார்க்கிறேன், பள்ளிக்கூட நோட்ஸ், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும். புள்ளி விட்டுப்போயிருக்கும், புள்ளி வைப்பேன். புள்ளி அதிகமாக இருக்கும், எடுப்பேன். நான் புள்ளி பார்க்காமல் விட்ட ஒரு பத்திரிகையில் மணமகன் பெயர் தவறிப்போய்ப் பெண் வீட்டார் அச்சகத்துக்கே வந்து நின்றார்கள், அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மெய் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மெய் என்றால் உடம்பு என்றும் அவர்களே சொன்னார்கள், உண்மை என்றும் அவர்களே சொன்னார்கள். நான் உடம்பின்மேல் புள்ளி வைத்துப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது. முன்பென்றால் அவரிடம்தான் சொல்லியிருப்பேன், சொன்னால் சிரிக்காமல் உன் தமிழைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்பார், சிரிக்காமல் அவர் அப்படிச் சொல்வதுதான் எனக்குச் சிரிப்பு. இன்றைக்கு ஒழுங்காக வைக்கிறேன். காலையில் பால் காய்ச்சும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கு எண் எதுவாக வந்தாலும் சரி, ஆறோ ஏழோ, மனுஷர் நாளைக்கு சாம்ராட்மேல் ஏறக் கூடாது. சுவர் பக்கம் திரும்பிப் படுக்கட்டும். படுத்திருக்கிறவரைத் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தெரியும், எட்டு மாதமாகச் செய்கிறேன். ஆனால் கை என்னவோ காலருக்கு வரும்போது தானாகவே வலப்பக்கம் போகிறது. ஒவ்வொரு தடவையும் இழுத்துக் கொண்டுவந்து நடுத் தையலின்மேல் வைக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் மணிக்கட்டு இப்படி வலிக்கிறது போலிருக்கிறது, பொய்க்கு இத்தனை வலி இருந்ததில்லை.

நூற்றைம்பது. நூற்றைம்பத்தொன்று. சட்டை பின்பக்கம் நனைந்திருக்கிறது. இந்தச் சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன், இடது கையை முதலில் விட வேண்டும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையில் மாட்டி அப்புறம் வலது. அந்தக் கைக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது. முன்பும் அதே கைதானே. தூக்கத்தில் என்மேல் போடுவார், லேசாக இருக்கும், இப்போது தானாக வந்து விழுந்தால் எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எடுத்து வைக்கவும் மனசில்லை, வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. விழுந்த அன்று எனக்குப் போன் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு வரலாறு நோட்ஸில் எழுபதாம் பக்கத்தில் இருந்தேன், ஏன் அது நினைவிருக்கிறது, எழுபது. ஓடிப்போனேன். கஸ்தூரிக்குச் சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார், அவள் காலுக்கு நடுவில். மற்ற குதிரை என்றால் மிரண்டு மிதித்திருக்கும். அவள் ஆள் வரும்வரை ஒரு காலையும் தூக்கவில்லையாம், பதினாறு வயதுக் கிழவி, ஈ மொய்த்தபோதுகூடக் காலை உதறவில்லை என்று அங்கே சாணி அள்ளுகிற மாரக்காள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதனால்தான் திரும்ப ஏறும்போது கஸ்தூரிதான் வேண்டும் என்றார். முதல் நாள் ஏறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவள் காதைப் பின்னால் திருப்பிவைத்துக்கொண்டு, மேலே இருக்கிறது என்ன என்று கேட்டுக்கேட்டு ஒவ்வொரு அடியாக வைத்துப் போகிறாள். நானும் வீட்டில் அப்படித்தான் நடக்கிறேன், பாத்ரூம் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு. சோப்பு விழுகிற சத்தம் வேறே, ஆள் விழுகிற சத்தம் வேறே, எனக்கு இரண்டும் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் சோப்பு விழும்போதெல்லாம் ஓடத்தான் செய்கிறேன். நாளைக்கு ஏழு மணிக்கு நான் எங்கே நிற்பேன், வேலி ஓரம். சாம்ராட் எந்தப் பக்கம் பாயும், இவர் இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் பாயும், இவர் இடப்பக்கம் விழுவார், செத்த கை கீழே மாட்டும். இதையே நினைக்கிறேன். நினைத்துவிட்டுத் தொப்பி, காலர், இடுப்பு, சேணம். எந்தப் பிரேம் இது, நூற்றெழுபதா, இரண்டு தடவை வைத்தேனா.

தர்ஷினி மத்தியானம் போன் செய்தபோது எல்லாம் ரெடியாம்மா என்றாள். ரெடி என்றேன். நீ ஏன் டல்லா இருக்கே என்றாள். மெய்ப்பு வேலை நிறைய என்றேன். இரண்டு மாதமாக நான் அச்சகத்துக்கே போகவில்லை, அது அவளுக்குத் தெரியாது. டல் என்பது சின்ன வார்த்தை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், யாராவது என்னை ஒரு ஆஸ்பத்திரியில் சும்மா சேர்த்து ஒரு வாரம் படுக்க வைத்தால் தேவலை என்று தோன்றுகிறது, நோய் ஒன்றும் வேண்டாம், படுக்கை மட்டும் போதும். இப்படி நினைக்கிறவளும் ஒரு பெண்டாட்டியா என்று உடனே தோன்றும், தோன்றியதும் எழுந்து அவருக்குக் கஞ்சி வைப்பேன். இருநூறு. இருநூற்றிரண்டு. மூன்றரை ஆகிவிட்டது. இஸ்திரிக்காரர் வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது. இருநூற்று முப்பது தாண்டியபோது மெதுவாக வைக்க ஆரம்பித்தேன், முடியப்போகிறது என்பதால், முடிந்தால் எண் வரும் என்பதால். இருநூற்று நாற்பது. தொப்பி, காலர், நடுத் தையல்மேல்தான் வைத்தேன், இடுப்பு, சேணம். முடிந்தது. சராசரி என்ற பொத்தானை அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு. திரும்பிப் பார்த்தால் இரண்டு என்று இருக்கிறது. ஒரு புள்ளிகூடத் தள்ளவில்லை, நான் சத்தியமாகத் தள்ளவில்லை, நாலைந்து பிரேமைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், காலர் புள்ளி நடுத் தையல்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு டிகிரி. அப்படியென்றால் மனுஷர் உண்மையிலேயே நிமிர்ந்துவிட்டார். நான் பொய் சொல்லிச் சொல்லி அது நிஜமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், அவர் எழுந்துவிடக் கூடாது. எழுந்தால்தான் என்ன, எழுப்பியே சொல்லலாம், ரெண்டுங்க, நிஜ ரெண்டு என்று. நிஜ ரெண்டு என்று சொன்னால் பொய் ரெண்டு எது என்று கேட்பார். சொல்லிவிடலாம், இப்போது சொன்னால் சிரிப்பார். ரிப்போர்ட்டை அனுப்பப் போனேன், அப்போதுதான் சபாபதி அண்ணன் காலையில் அனுப்பிய செய்தி ஞாபகம் வந்தது, கடைசி ரிப்போர்ட் என்பதால் குதிரைக்கும் சேர்த்துப் போட்டுவிடம்மா, முழுசா இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். மென்பொருளில் ஆளுக்குத் தனி, குதிரைக்குத் தனி, இரண்டு அடுக்கு. முதல் வாரம் பழகுவதற்காகக் கஸ்தூரிக்கும் வைத்தேன். பின்னாலிருந்து பார்த்தால் வாலுக்கு மேலே இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு மேடு தெரியும், அதில் பக்கத்துக்கு ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து ஒரு நீலக் கோடு. நடக்கும்போது இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும், சராசரி எடுத்தால் தரைக்குச் சமம். சைபர் வந்தது. அவர் பார்த்துவிட்டு, அவளுக்கெல்லாம் எதுக்கு வெச்சுக் கண்ணைக் கெடுத்துக்கறே, கஸ்தூரி கோணினா உலகமே கோணிப்போச்சுன்னு அர்த்தம் என்றார். நானும் விட்டுவிட்டேன், பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷம்தான்.

இரண்டு புள்ளிதானே. சந்தோஷத்தில் இருந்ததால் கை வேகமாகப் போனது. இடது மேடு, வலது மேடு, அடுத்தது. இடது மேடு, வலது மேடு. நாற்பது பிரேம் வரை கோட்டைப் பார்க்கவே இல்லை. நாற்பத்தொன்றிலோ என்னவோ பார்த்தேன், நீலக் கோடு இடப்பக்கம் தூக்கியிருந்தது. அடி எடுத்து வைக்கும்போது தூக்கத்தானே செய்யும், அடுத்த அடியில் இறங்கும் என்று போனேன். அடுத்த அடியில் கொஞ்சம் இறங்கியது, மறுபடி தூக்கியது. வலது மேடு ஏறவே இல்லை. எனக்குக் குதிரை தெரியாது, பிழை தெரியும். ஒரு பக்கத்தில் பிழை இருந்தால் அச்சுப்பிழை, எல்லாப் பக்கத்திலும் அதே பிழை இருந்தால் எழுதினவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். நூறு பிரேமோடு நிறுத்திவிட்டுச் சராசரி பார்த்தேன். ஐந்து. இடப்பக்கம் ஐந்து டிகிரி உயர்த்தி வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவர் இடப்பக்கம் சரிகிறார், அவள் இடப்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள். தலையணைக்கு அடியில் துணியை மடித்து முட்டுக் கொடுப்போமே, அது மாதிரி முதுகை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறாள். ஐந்தும் இரண்டும் ஏழு. முதல் வாரம் வந்த அதே ஏழு. அவர் ஒரு டிகிரிகூட நிமிரவில்லை. கீழே இருக்கிறவள் கோணிக்கொண்டதால் மேலே இருக்கிறவர் நேராகத் தெரிகிறார். நான் திரையில் காலரைத் தள்ளித் தள்ளி வைத்த அதே ஆறு வாரத்தில் அவள் மண்ணில் தன்னைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள், நான் ஒரு நூல் என்றால் அவள் ஒரு நூல். ஆனால் எனக்கு மணிக்கட்டுதான் வலித்தது. அவளுக்கு மேலே எண்பது கிலோ. சாம்ராட் முட்டுக் கொடுக்காது, அதற்கு யார் முகமும் தெரியாது. நான் லேப்டாப்பை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். நீலக் கோட்டை அனுப்பாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மஞ்சள் கோடு இரண்டு, அதுவும் இந்த முறை பொய்யில்லை. இந்த வாரம்தான் நான் ஒழுங்காகப் புள்ளி வைத்தேன், இந்த வாரத்து எண்ணை நம்பித்தான் அவர் விழப்போகிறார்.

உதடு படபடக்கிற சத்தம் நின்றது. கட்டில் முனகியது, வலது கால் தரையில் ஊன்றுகிற சத்தம், இடது கால் இழுபடுகிற சத்தம், கதவு நிலையைப் பிடிக்கிற கை. நான் எழுந்து போய்ப் பிடிக்கவில்லை, இன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவராகவே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு?"

"ரெண்டு."

வாயின் வலப்பக்கம் சிரித்தது. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் கல்யாணத்தின்போது இருந்த ஆள்தான். மணியைப் பார்த்தார், காலணிக்குப் பாலிஷ் போட வேண்டும் என்றார், தொப்பியின் வாரைச் சரிபார்க்க வேண்டும் என்றார், சபாபதிக்கு அனுப்பிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். லேப்டாப்பைத் திறந்து குதிரை அடுக்கைப் போட்டுத் திருப்பிக் காட்டினேன். மஞ்சள் கோடு நின்றது, நீலக் கோடு சாய்ந்து கிடந்தது. அவருக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது, இருபத்தாறு வருஷம் குதிரையின் பின்னாலேயே நின்று பார்த்தவர். அடுத்த பிரேம் என்றார், வைத்தேன். அடுத்தது என்றார். பத்துப் பன்னிரண்டு போனது.

"இது எந்தப் பக்கம் ஏறுது, இடதா?"

"இடது. முதல் வாரம் சைபர். இப்ப அஞ்சு."

ஐந்தும் இரண்டும் அவர் கூட்டினார், கூட்டியது முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்திலேயே என்னுடையதையும் சொல்லிவிட்டேன். நடுவில் நாலு வாரம் காலர் புள்ளியை நான் தள்ளி வைத்தேன், முதலில் கை தவறி, அப்புறம் தெரிந்தேதான் என்று. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன், கத்தட்டும் என்று. கத்தவில்லை. கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் கண் திரையில் அந்த இடது இடுப்பு மேட்டின்மேலேயே இருந்தது.

"வலிக்கிற காலு பக்கந்தான் மேல துள்ளும்," என்றார். "இடது பின்னங்கால். வலியோடதான் என்னைச் சுமந்திருக்கா. நான் ஒருத்தன், காலைத் தூக்கிப் பாக்கலியே. தெனமும் ஏறி எறங்கினவன், ஒரு நாளு காலைத் தூக்கிப் பாக்கலியே."

வலது கையால் போனை எடுத்தார். சபாபதி அண்ணனிடம் பேசினார், குரல் தெளிவாகத்தான் இருந்தது. கஸ்தூரிமேல் யாரும் ஏற வேண்டாம், இன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு இடது பின்னங்காலைக் காட்டுங்கள், முழங்காலுக்குக் கீழே சூடு இருக்கிறதா என்று மாரக்காளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். இல்லீங்ண்ணா, நாளைக்கு நான் ஏறலை என்றார், அப்புறம் பார்த்துக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஆறு வாரமாக நான் எதற்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான், ஒரு வாக்கியம், அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. காலில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரு குதிரைமேல் பொறாமைப்படுகிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன், ஐம்பத்திரண்டு வயதில். அவளுக்கு ஒரு நீலக் கோடு இருக்கிறது, அவள் கோணினால் அது எண்ணாக வந்து நிற்கிறது, பார்க்கிறவர் பதறிப்போகிறார். அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, பாவம் கஸ்தூரி, வாயில்லா ஜீவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் இருந்தது. எட்டு மாதமாக இருந்தது.

"எனக்கும் முடியலைங்க," என்றேன்.

அவர் திரும்பினார். டீ கேட்க வந்தவர் முகம் அதுவல்ல. குதிரையைப் பார்ப்பது போல என்னைக் காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தார், பாதம், முழங்கால், மடியில் கிடந்த கை, கழுத்து. முகத்துக்கு வந்ததும் நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், இடப்பக்க உதடு ஒத்துழைக்கவில்லை, விழுங்கினார். அப்புறம் நாற்காலியைப் பிடித்திருந்த கையை விட்டு, பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டே, அந்தக் கையை என் தோள்மேல் வைத்தார்.

"உக்காரு," என்றார்.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.